விமானப்படைக்கு ஏன் ஒரே ஒரு பரம் வீர் சக்ரா? செக்கோன் பற்றிக் கேட்ட தம்பிக்கு

மார்த்தாண்டம் பக்கம் கல்லூரியில் படிக்கிற, என்.சி.சி.யில் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்டோபர் 8 விமானப்படை தினத்துக்கு ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செக்கோனைப் பற்றிப் பேசப் போகிறாராம். பேச்சை எழுதியும் அனுப்பியிருக்கிறார். அதில் "செக்கோன் தனி ஆளாக எதிரியின் 6 விமானங்களையும் சுட்டு வீழ்த்தினார்" என்று ஒரு வரி இருக்கிறது. கூடவே ஒரு கேள்வி: போர்க்கள வீரத்துக்கு நாடு தருகிற மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கிய 21 பேரில் 20 பேர் ராணுவத்தார், விமானப்படையில் செக்கோன் ஒருவர்தான், அப்படியென்றால் விமானிகளின் வீரம் குறைவா, இல்லை விமானப்படைக்கு ஓரவஞ்சனையா?

நல்ல கேள்வி தம்பி. இதைப் பற்றிப் பல வருஷம் யோசித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை. விமானப்படையில் ஏர்மேனாக, அதாவது அதிகாரி அல்லாத நிலையில், சேர்ந்து ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக வேலை பார்த்தவன், சர்வீஸில் பெரும்பகுதி மிக்-21 விமானங்களோடுதான் போனது. இப்போது ஓய்வுபெற்று தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஃபிட்டர் என்றால் விமானம் கிளம்புவதற்கு முன் கடைசியாகத் தொடுகிறவர்களில் ஒருவன். விமானி வந்து ஃபார்ம் 700 என்கிற புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், அதாவது இந்த விமானத்தை நீங்கள் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று நம்பி நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பொருள். ஏணியில் ஏறி உட்காருவார், பெல்ட் மாட்டிவிடுவோம், பாதுகாப்பு ஊசிகளை உருவி அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டுவோம், அவர் கட்டைவிரலை உயர்த்துவார். அதற்கப்புறம் அவர் மேலே என்ன செய்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்கும், எண்ணிப் பார்ப்போம். 4 போனால் 4 வந்ததா? எங்கள் கண்ணில் படுவது போவதும் வருவதும் மட்டும்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. வானத்தில் நடக்கிற வீரத்துக்குச் சாட்சி கிடைப்பது அரிது. காலாட்படையில் ஒரு மேஜர் குண்டடிபட்டும் பதுங்குகுழியை விட்டு நகரவில்லை என்றால், பக்கத்தில் இருந்த ஹவில்தாரும் சிப்பாயும் அதைப் பார்த்திருப்பார்கள், அவர்களில் யாராவது உயிரோடு திரும்பி வந்து சொல்வார்கள். ஒற்றை ஆள் உட்காருகிற போர் விமானத்தில், எதிரி நாட்டுக்கு உள்ளே, மேகத்துக்கு மேலே நடந்ததை யார் பார்த்தார்கள்? ஆள் திரும்பி வந்தால் அவர் சொல்வார், சுடும்போது தானாகப் படம் எடுக்கிற கன் கேமரா சொல்லும். திரும்பாவிட்டால் "காணவில்லை" என்று ஒரு வார்த்தைதான் மிஞ்சும்.

செக்கோன் விஷயம் அப்படி ஆகவில்லை. அவர் சண்டை போட்டது அவருடைய விமானத்தளத்துக்கு மேலேயே, மரத்தின் உயரத்தில். தளத்தில் இருந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள், ரேடியோவில் அவர் குரலைக் கேட்டார்கள்.

சரி, அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பஞ்சாபில் லூதியானா மாவட்டத்தில் இஸ்ஸேவால் என்ற கிராமம். அப்பாவும் விமானப்படைக்காரர், எங்களைப் போல ஏர்மேனாக இருந்து வாரண்ட் ஆபீசராகி, பிறகு கௌரவ ஃப்ளைட் லெப்டினன்ட் ஆனவர். எனக்கு இந்த விவரம் ரொம்பப் பிடிக்கும். விமானத்தைத் துடைத்துச் சரிபார்த்து அனுப்புகிறவர்களின் குவார்ட்டர்ஸிலிருந்து, அதை ஓட்டுகிற பையன் வந்திருக்கிறான். 1967 ஜூன் 4 அன்று அவர் அதிகாரியானார். அவர் இருந்த விமானப் பிரிவு 18ஆம் ஸ்க்வாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்' என்று பெயர். எல்லோரையும் "பிரதர், பிரதர்" என்று கூப்பிடுவாராம், அதனால் அவருக்கே 'பிரதர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவர் ஓட்டியது நாட் விமானம். கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சியின் பெயர் அது. பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்தது, பெங்களூரில் நம் அரசு விமான நிறுவனமான ஹெச்.ஏ.எல். உரிமம் வாங்கிக் கட்டியது. நீளம் 9 மீட்டர் சுமார், இறக்கை விரிவு 7 மீட்டர்கூட இல்லை. நம்ம நாகர்கோவில் டவுன் பஸ் இதைவிட நீளம். இரண்டே இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவையும் சமயத்தில் அடைத்துக்கொள்ளும். ஆனால் சின்னதாக இருப்பதே அதற்குப் பலம், எதிரியின் கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாது, கூர்மையாகத் திரும்பும். 1965 போரில் பாகிஸ்தானின் அமெரிக்க சேபர் ஜெட்களோடு மோதி நல்ல பெயர் எடுத்து 'சேபர் கொல்லி' என்றே அழைக்கப்பட்டது.

ஸ்ரீநகரில் அதுவரை போர் விமானங்களை நிறுத்தி வைத்ததில்லை. 1948ஆம் ஆண்டு உடன்பாடு ஒன்று அதற்குத் தடையாக இருந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்ட பிறகுதான் நாட் விமானங்கள் அங்கே போயின. ஆகவே செக்கோனுக்கு அந்த நிலப்பரப்பும் பழக்கமில்லை, அந்த உயரமும் பழக்கமில்லை. விமானத்தளமே கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டருக்கு மேலே. காஷ்மீரத்து டிசம்பர் குளிர் வேறு. நம்ம ஊரில் மார்கழி என்றால் விடியற்காலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடலாம், அங்கே அப்படி இல்லை. விருது அறிவிப்பின் பாராட்டுரையிலேயே இந்தக் குளிரையும் காற்றையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம், சுற்றிலும் மலை. பூதப்பாண்டியில் நின்றுகொண்டு பாருங்கள், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விமானம் தாழ்வாக வந்தால் உங்களுக்குத் தெரியுமா? முகட்டைத் தாண்டினால்தான் தெரியும், தெரிகிறபோது தலைக்கு மேல் இருக்கும். ஸ்ரீநகர் பள்ளத்தாக்கும் அப்படித்தான், மலைகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. மலைமேல் காவல் இருக்கிறவர்கள் பார்த்து ரேடியோவில் சொன்னால் உண்டு. அதிலிருந்து கிடைக்கிற அவகாசம் சில நிமிடங்கள்.

டிசம்பர் 14 காலை. பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து 6 சேபர்கள் வந்தன, 4 குண்டு சுமந்தவை, 2 அவற்றுக்குக் காவல். செக்கோனும் அவருடைய லீடர் ஃப்ளைட் லெப்டினன்ட் கும்மனும் தயார்நிலைப் பணியில் இருந்தார்கள். கும்மன் முதலில் கிளம்பினார். அவருடைய விமானம் கிளப்பிய தூசியில் ரன்வே தெரியவில்லை. செக்கோன் காத்திருக்க வேண்டியதாயிற்று. தூசி அடங்குவதற்குள் சேபர்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன, தாக்குதல் தொடங்கிவிட்டது.

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பேச்சில் நீங்கள் வானத்துச் சண்டையைத்தான் நீட்டி எழுதியிருக்கிறீர்கள், ரன்வேயை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். ஃபிட்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ரன்வேதான் இதில் பெரிய விஷயம். தரையில் ஓடுகிற ஜெட் விமானத்தைப் போல ஆதரவற்றது வேறொன்றும் இல்லை. திரும்ப முடியாது, ஒதுங்க முடியாது, நேர்கோட்டில் ஓடித்தான் ஆக வேண்டும், வேகம் சேர்கிற வரை மேலேறவும் முடியாது. மேலே இருக்கிறவனுக்கு அதைவிட எளிய இலக்கு கிடைக்காது. முன்னால் ஒரு குண்டு விழுந்து ரன்வே குழியானால் முடிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் குதித்துப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்ஜின் வேகத்தைக் கூட்டுகிற த்ராட்டிலைத் தள்ளினார். குண்டு விழுகிற ரன்வேயில் ஓடி மேலேறினார்.

மேலே போனதும் இரண்டு சேபர்களின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். முன்னால் போன கும்மன் பார்வையிலிருந்து விலகிப் போயிருந்தார், இருவராலும் மறுபடி சேர முடியவில்லை. ஆகவே ஒரு நாட், எதிரே 6 சேபர். ஒரு சேபரைச் சுட்டுச் சேதப்படுத்தினார், இன்னொன்றைத் தீப்பற்ற வைத்தார் என்பது பாராட்டுரையில் உள்ளது. அதற்குள் மற்ற சேபர்கள் உதவிக்கு வந்துவிட்டன, அப்போது ஒன்றுக்கு நான்கு. மரத்தின் உயரத்தில் வட்டமடித்து வட்டமடித்து நடந்த சண்டை. தான் அடிபட்டுவிட்டதாக அவர் ரேடியோவில் சொன்னதுதான் கடைசி. விமானத்தின் மேல்மூடி கழன்று பறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, வெளியேற முயன்றிருக்கிறார். அவ்வளவு தாழ்வில் அது நடக்கவில்லை. விமானத்தின் சிதைவுகள் ஒரு மலைப்பிளவில் கிடைத்தன. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

மணமாகி அதிக நாள் ஆகாத பையன். 2 நாள் கழித்து டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

அந்த சேபர்கள் ஸ்ரீநகர் நகரத்தையும் தளத்தையும் மேற்கொண்டு தாக்காமல் திரும்பிப் போய்விட்டன. பரம் வீர் சக்ரா எதற்காக என்றால் இதற்காகத்தான். எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்ற கணக்குக்காக இல்லை. பாகிஸ்தான் தரப்பில் தங்கள் சேபர்கள் எல்லாமே பெஷாவர் திரும்பின என்கிறார்கள். வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மையாகவே இருந்தாலும் செக்கோனின் பதக்கத்திலிருந்து ஒரு இம்மி குறையாது. எதிரியின் முன்னிலையில் மிக உயர்ந்த துணிவு, அல்லது தன்னையே கொடுக்கிற தியாகம் என்பதுதான் அந்த விருதுக்கான விதி. அதில் எண்ணிக்கைக்கு இடமில்லை.

இதே விமானத்தளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு, பேச்சில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். 1947 நவம்பர் 3 அன்று ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் பட்காமில், கையில் மாவுக்கட்டோடு போய் நின்று, இந்த விமானத்தளம் எதிரி கையில் போகாமல் தடுத்து உயிர்விட்டவர் மேஜர் சோம்நாத் சர்மா. இந்தியாவின் முதல் பரம் வீர் சக்ரா அவருக்குத்தான். 24 வருஷம் கழித்து அதே தளத்துக்காக விமானப்படையின் பரம் வீர் சக்ரா. பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்திரி கனோல்கர், சுவிட்சர்லாந்தில் பிறந்து நம் ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இந்தியரானவர். வெண்கலத்தில் நடுவே அரசு முத்திரை, சுற்றிலும் இந்திரனின் 4 வச்சிராயுதம், ஊதா நிற நாடா.

இப்போது சாட்சி இல்லாமல் போன ஒருவரைச் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இவர் கதைதான்.

ஸ்க்வாட்ரன் லீடர் அஜ்ஜமடா பொப்பய்யா தேவய்யா. குடகுக்காரர். 1954இல் அதிகாரியானவர், இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். 1965 போரின்போது ஆதம்பூரில் இருந்த 1ஆம் ஸ்க்வாட்ரனுக்கு வந்தார். செப்டம்பர் 7 அதிகாலை, பாகிஸ்தானின் மிக வலுவான தளமான சர்கோதாவைத் தாக்க 12 மிஸ்டீர் விமானங்கள் கிளம்ப வேண்டும், லீடர் விங் கமாண்டர் தனேஜா. தேவய்யா அந்த 12இல் இல்லை. யாருக்காவது விமானம் கோளாறானால் அந்த இடத்தில் சேர வேண்டிய மாற்று ஆள் அவர். ஒரு விமானம் விலகியது, இவர் போனார்.

திரும்புகிற வழியில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று எதிர்ப்பட்டது. அன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே மிக வேகமான விமானம் அது, ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போகும். மிஸ்டீர் பிரெஞ்சுத் தயாரிப்பு, சமதளப் பறப்பில் ஒலியின் வேகத்தைக்கூட எட்டாது. ஓடித் தப்பிக்க முடியாது என்று விட்டுவிடலாம், ஆனால் தேவய்யா திரும்பிச் சண்டைக்கு நின்றார். இரண்டு விமானங்களும் விழுந்தன. பாகிஸ்தான் விமானி அம்ஜத் ஹுசைன் வெளியேறிப் பிழைத்துக்கொண்டார். தேவய்யா திரும்பவில்லை.

கூடப் போன யாரும் இதைப் பார்க்கவில்லை. எல்லோரும் தாழப் பறந்து வீடு திரும்புகிற வேகத்தில் இருந்தார்கள். ஆதம்பூரில் எண்ணிப் பார்த்திருப்பார்கள், ஒன்று குறைந்திருக்கும். "காணவில்லை" என்று பதிவானது. போருக்குப் பிறகு கொடுத்த பதக்கங்களில் அவர் பெயர் இல்லை. அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குக் கணவன் இறந்தாரா, சிறையில் இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத வருஷங்கள்.

1979இல் ஒரு ஆங்கிலேய எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் பதிவுகளைப் பார்த்து 1965 வான்போர் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தங்கள் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை ஒரு இந்திய மிஸ்டீர் வீழ்த்திய விவரம் இருந்தது. எந்த மிஸ்டீர் என்று இங்கே ஆராய்ந்தபோது அது தேவய்யாவாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது, ஏனென்றால் திரும்பாதது அவர் மட்டும்தான். 1988இல், அதாவது 23 வருஷம் கழித்து, பரம் வீருக்கு அடுத்த நிலையான மகா வீர் சக்ரா அறிவித்தார்கள். அவர் மனைவி சுந்தரி தேவய்யா வாங்கிக்கொண்டார். நான் சர்வீஸில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம் அது, செய்தி வந்த அன்று எங்கள் பாரக்கில் இரவு முழுக்க இதே பேச்சுதான். ஒருவரின் வீரத்துக்கு அவரோடு மோதிய எதிரியே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் இத்தனை வருஷம் கழித்து.

இப்படிச் சாட்சி கிடைக்காமலே போன எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால், "ஒரே ஒரு பரம் வீர் சக்ரா" என்பதை வீரத்தின் அளவுகோலாக எடுக்க மனம் வராது.

விருது எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் மேலே இருக்கிற அமைச்சரோ ஜெனரலோ நினைத்தால் கொடுத்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்தான் முதலில் எழுத வேண்டும், எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். அது கமாண்ட் தலைமையகம், விமானப்படைத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம் என்று படிப்படியாக ஏறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அரசிதழில் வரும். பிறகு ராஷ்டிரபதி பவனில் கையில் கொடுப்பார்கள். கீழே எழுதுகிறவர் கையில் ஆதாரம் இல்லை என்றால் மேலே இருக்கிறவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கு பரம் வீர், மகா வீர், வீர் என்று மூன்று சக்கரங்கள். எதிரி முன்னால் இல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கு அசோக, கீர்த்தி, சௌரியா. விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவுக்குக் கொடுத்தது அசோக சக்ரா. 2017 நவம்பரில் காஷ்மீரில் பயங்கரவாதிகளோடு மோதி இறந்த கார்ப்பரல் ஜோதி பிரகாஷ் நிராலாவுக்குக் கொடுத்ததும் அதுவே. அவர் விமானி இல்லை, விமானப்படையின் கருட் என்கிற சிறப்புப் படையின் கமாண்டோ, ஏர்மேன். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். மாதப் படி என்று பார்த்தால் 2017 ஆகஸ்ட்டில் இரட்டிப்பாக்கிய பிறகு மத்திய அரசு தருவது பரம் வீருக்கு 20,000, மகா வீருக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய். பணத்துக்காக யாரும் போவதில்லை என்பது இந்தத் தொகையைப் பார்த்தாலே புரியும்.

ஒரே பதக்கத்தை இரண்டாம் முறை வாங்கினால் புதிதாக ஒன்று தரமாட்டார்கள், நாடாவில் ஒரு பட்டை சேர்ப்பார்கள், 'பார்' என்று பெயர். ஜக் மோகன் நாத் அப்படி மகா வீர் சக்ரா இரண்டு முறை வாங்கியவர். கேன்பரா விமானத்தில் 1962 காலத்தில் சீன எல்லைமேல், 1965இல் பாகிஸ்தானுக்குள், படம் எடுப்பதற்காகப் பறந்தார். ரகசியப் பணி, என்ன செய்தோம் என்று வெளியே சொல்லவும் கூடாது. ஆனால் அவருக்குச் சாட்சி விமானத்திலேயே இருந்தது, கொண்டுவந்த படங்கள்.

சாட்சி நிறைய இருந்த சண்டை ஒன்றும் உண்டு, அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தொடர்பும் இருக்கிறது. 1971 நவம்பர் 22, போர் அறிவிப்பதற்கு 11 நாள் முன்பு. வங்க எல்லையில் பாய்ரா. கரீப்பூரில் நம் படைகளைத் தாக்கிய 3 சேபர்களை எதிர்க்க கொல்கத்தா டம் டம் தளத்திலிருந்து 22ஆம் ஸ்க்வாட்ரனின் 4 நாட் விமானங்கள் கிளம்பின. விமானிகள் ராய் மாஸி, கணபதி, டொனால்ட் லாசரஸ், சுனித் சோரஸ். சண்டை சில நிமிடம்தான். 2 சேபர் விழுந்தது, மூன்றாவது அடிபட்டுத் தப்பியது, 4 நாட் விமானங்களும் பத்திரமாகத் திரும்பின. கீழே இருந்த ராணுவத்தினர் வேடிக்கை பார்த்தார்கள், கன் கேமராவில் படமும் பதிவானது, பத்திரிகைகளில் வந்தது. மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. எல்லாம் கண்ணெதிரே நடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

லாசரஸ் வீழ்த்திய சேபரின் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷி பாராசூட்டில் இறங்கினார். நம் வீரர்கள் ஆத்திரத்தில் அடிக்கப் போக, சீக்கியப் பட்டாலியனில் அப்போது கேப்டனாக இருந்த பனாக் தடுத்துக் காப்பாற்றினார். அந்த பனாக் பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். அந்த குரேஷியோ 1997இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியே ஆகிவிட்டார். சிறைப்பட்டவன் தளபதியாவது நம்ம ஊருக்குப் புதிதில்லை, 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைவராகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார், நீங்கள் பள்ளியிலிருந்து சுற்றுலா போயிருப்பீர்கள். லாசரஸ் குரூப் கேப்டனாக ஓய்வுபெற்று நீலகிரி குன்னூரில் குடியேறினார். குரேஷி தளபதியான செய்தி கேட்டு, நாம் ஒருமுறை வானத்தில் சந்தித்திருக்கிறோம் என்று வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கடிதமும் ஒரு பதக்கம் மாதிரிதான்.

அந்த 1971 நவம்பர் 22க்குச் சரியாக 50 வருஷம் கழித்து, 2021 நவம்பர் 22 அன்று, தமிழரான அபிநந்தன் வர்த்தமான் ராஷ்டிரபதி பவனில் வீர் சக்ரா வாங்கினார். 2019 பிப்ரவரி 27 சம்பவம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மிக்-21 பைசனில் போய் எஃப்-16 ஒன்றை வீழ்த்தினார் என்கிறது பாராட்டுரை, தானும் அடிபட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தார், மார்ச் 1 அன்று திரும்பி வந்தார். எஃப்-16 எதையும் இழக்கவில்லை என்று பாகிஸ்தான் மறுக்கிறது. நம் விமானப்படை 2019 ஏப்ரலில் ரேடார் படங்களை வெளியிட்டு விளக்கியது. பாருங்கள், இத்தனை கருவிகள் வந்த காலத்திலும் வானத்தில் நடந்ததை நிறுவுவது இப்படித்தான் இழுபறியாகிறது. அந்த மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. நான் டிவியில் பார்த்தேன், அதற்குமேல் எழுத முடியவில்லை.

இப்போது உங்கள் பேச்சுக்கு வருகிறேன் தம்பி. "6 விமானங்களையும் சுட்டு வீழ்த்தினார்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். கைதட்டல் வரும், ஆனால் அது நடக்கவில்லை. ஒன்றைச் சேதப்படுத்தினார், ஒன்றைத் தீப்பற்ற வைத்தார் என்று பாராட்டுரையில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். அந்தக் காலையில் நேரில் பார்த்தவர்கள் சொல்லி எழுதியது அது, நாம் அதில் கூட்டவும் வேண்டாம். மிச்சப்படுகிற நேரத்தை ரன்வேக்குக் கொடுங்கள். தூசி, காத்திருந்த அந்த நொடிகள், முன்னால் விழுகிற குண்டு, தள்ளிய த்ராட்டில். அப்பா ஏர்மேனாக இருந்தவர் என்பதையும் மறக்காமல் சேருங்கள். அந்தமான் தீவுகளில் 21 தீவுகளுக்கு 2023 ஜனவரி 23 அன்று பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயரை வைத்தார்கள், அதில் செக்கோன் தீவும் ஒன்று, வேண்டுமானால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். திருத்தி எழுதியதும் மறுபடி அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.